தங்கையின் வழக்கும் என் பிள்ளைப்பேறும்

செய்தி வந்தபோது நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மாதக் கர்ப்பம். வாந்தி நின்று, சாப்பாடு மறுபடி ருசிக்க ஆரம்பித்திருந்த வாரம். கைப்பேசியில் தங்கையின் எண் வந்தது. எடுத்தேன். பேசியவர் அவள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம்.

தங்கை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், உடையெல்லாம் நனைந்திருக்கிறது, கூப்பிட்டால் பேசவில்லை என்று மலாயில் சொன்னார். குழந்தை எங்கே என்று கேட்டேன். "நீ வா, சீக்கிரம் வா," என்று மட்டும் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். அன்று அவருக்கு ஓட்டம் இல்லை. கார் எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். தங்கை இருக்கும் பாசிர் கூடாங் போய்ச் சேரும்வரை நான் எனக்குள் காரணம் தேடிக்கொண்டே இருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டிருக்கும். இப்படி எத்தனையோ நினைத்தேன். நடந்ததை மட்டும் நினைக்கவில்லை.

அவள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே போலீஸ் வண்டி நின்றது. மாடி நடையில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். தங்கை தன் வீட்டு வாசலில், செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் போலீஸ் அவள் தோளில் துண்டு போர்த்திக்கொண்டிருந்தார். அவள் கைகளில் விலங்கு இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. நல்ல சேதி சொல்கிறவள்போல் சொன்னாள்:

"அழுவுறது நின்னுருச்சிக்கா."

வீட்டுக்குள் போக என்னை விடவில்லை. என் கணவர்தான் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

என் தங்கை எனக்கு ஐந்து வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எங்களுக்கு நாங்கள்தான். மாசாய் பக்கம் ஒரு பேரங்காடியில் கல்லாவில் இருந்தாள். வாய் ஓயாது. பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்பாள். பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஆபரேட்டராக இருந்த ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அமைதியான மனிதர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நான் அவரைத் தம்பி என்பேன். முதல் பிள்ளை ஆண். அவருடைய அம்மா செடெனாக்கிலிருந்து வந்து, வெந்நீர் ஊற்றி, மருந்து இடித்துக் கொடுத்து, பத்தியம் பார்த்தார். அவர் வீட்டிலும் நோயாளி இருந்ததால் பாதியில் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அதன்பிறகு பகல் முழுதும் தங்கையும் பிள்ளையும் மட்டும்தான். புருஷனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸில் வந்து விழுவார்.

"தூக்கமே வரலக்கா," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு ஏது தூக்கம் என்று அங்கிருந்த எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

பிள்ளையைப் புதைக்கப் போனபோது என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி அங்கெல்லாம் வரக்கூடாதாம். எங்கள் பக்கத்தில் என் கணவர் மட்டும் போனார். திரும்பி வந்து வாசல் குழாயில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் தங்கையை மறுபடி பார்த்தேன். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக்காட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வானொலிச் செய்தியில் வருவதுபோன்ற தமிழ். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், உன் ஆண் குழந்தைக்கு மரணம் விளைவித்தாய் என்று வாசித்துவிட்டு, இக்குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை என்று முடித்தார். "புரிகிறதா?" என்று கேட்டார். தங்கை தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்டால் ஆட்டுவாளே, அதே மாதிரி. கொலை வழக்கு என்பதால் அங்கே வேறெதுவும் கேட்கமாட்டார்களாம். உயர் நீதிமன்றத்துக்குப் போகும், ஜாமீன் இல்லை என்றார்கள். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குக் கயிறு என்றால் ஆகவில்லை. என் கணவர் லாரியில் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றைச் சுருட்டி வாசலில் போட்டிருப்பார். அதைத் தாண்டி என்னால் வெளியே போக முடியவில்லை. அவர் அதைக் கவனித்து, ஒன்றும் சொல்லாமல், கயிற்றை லாரியிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார். துணிக்கொடியில் துணி காயப்போடுவதையும் என் மாமியாரே பார்த்துக்கொண்டார். குளிக்கும்போது என் கை தானாக என் கழுத்துக்குப் போகும். தங்கைக்கு மெல்லிய கழுத்து. சின்ன வயதில் அவளுக்குப் பின்னல் போட்டுவிடும்போது ஒரு கையால் அந்தக் கழுத்தைப் பிடித்து நேராக்குவேன்.

நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்துகொடுத்தது. நடுத்தர வயதுப் பெண்மணி. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவராம். வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. முதல் நாளே என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"கொலை எண்டு நிண்டால் தூக்குத்தான். நீதிபதி இரக்கப்பட்டாலும் ஒண்டும் செய்யேலாது. சட்டத்தில அவருக்கு வேற வழி இல்லை. ஆனால் இன்னொரு செக்‌ஷன் இருக்கு. பிள்ளை பெத்த தாய்க்கு அந்தப் பிரசவத்தால மனம் குழம்பி, அந்த நேரத்தில நடந்தது எண்டு காட்டினால், அது கொலை இல்லை. ஜெயில்தான்."

"காட்ட முடியுமா?"

"தங்கச்சி வாய் திறக்கவேணும். டாக்டரிட்ட அவ ஒரு சொல்லும் சொல்லேல்லை."

அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. பிற்பாடு மாற்றினார்கள், இப்போது நீதிபதி நினைத்தால் தூக்குக்குப் பதில் நீண்ட சிறை கொடுக்கலாமாம். எங்கள் காலத்தில் அது இல்லை.

தங்கையை மனநல மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். வழக்கை நடத்தும் அளவுக்கு இப்போது தெளிவாக இருக்கிறாள் என்று எழுதினார்கள். சம்பவத்தன்று எப்படி இருந்தாள் என்பது அவள் சொன்னால்தானே தெரியும். அவள் சொல்லவில்லை. மறுபடி சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு டெலிபோன், அந்தப் பக்கம் ஒன்று. முடியை வெட்டியிருந்தார்கள். ரிசீவரை எடுக்காமல் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எடுத்தாள்.

"எத்தன மாசம்?"

"ஆறு."

"இனிமே இங்க வராதக்கா. அது என் மூஞ்சியப் பாக்க வேணாம்."

"வயித்துக்குள்ள இருக்கறது எப்படிடி பாக்கும்?"

பழைய தங்கையாக இருந்தால் சிரித்திருப்பாள். இவள் சிரிக்கவில்லை. "லாயர்கிட்ட ஒண்ணு சொல்லு. எனக்குத் தூக்கே வாங்கிக் குடுக்கச் சொல்லு. நானே கேட்டா சீக்கிரம் குடுப்பாங்களாக்கா?"

நான் கண்ணாடியில் அடித்தேன். காவலாளி பெண் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். தங்கை பொறுமையாக இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். பயப்படாம கேளு. மொதல்ல தூக்கம் போச்சி. புள்ள தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வரல. அப்புறம் பைப்பத் தொறந்தா அதுக்குள்ள புள்ள அழுவுற சத்தம். என் புள்ள பக்கத்துலதான் தூங்குது. ஆனா பைப்புக்குள்ள அழுவுது. மூடுனாலும் அழுவுது. அப்புறம் தோணிச்சி, இது என் புள்ள இல்ல, என் புள்ள தண்ணிக்குள்ள மாட்டிக்கிச்சி, இதக் குடுத்தாத்தான் அது வரும்னு."

"யாராவது அப்படிச் சொன்னாங்களா? ஏதாச்சும் குரல் கேட்டுச்சா?"

"குரல் இல்லக்கா. என் மனசுதான். நாளைக்கி என்ன சமைக்கலாம்னு நெனைக்கிற அதே மனசு."

"போதும்டி."

"போதாது. உனக்கும் அப்படி வந்தா ஒளிச்சி வைக்காத. நான் வெக்கப்பட்டு ஒளிச்சேன். புள்ளயத் தூக்கி யார்கிட்டயாச்சும் குடுத்துடு. உனக்குப் புடிக்காதவங்களா இருந்தாலும் குடுத்துடு."

வெளியே வந்து நேராக வழக்கறிஞருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதை அவ டாக்டரிட்டச் சொல்லவேணும். நீங்கள் சொன்னால், அக்கா தங்கச்சியைக் காப்பாத்தக் கதை சொல்லுறா எண்டுதான் பிராசிக்யூட்டர் சொல்லுவார். வேற யாருக்காவது தெரியுமோ?" யாருக்கும் தெரியாது என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். ஒன்று கயிறு. இன்னொன்றை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவளும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு வந்தது எனக்கு வராது என்று யார் சொன்னது? வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் என் கைகளைப் பார்ப்பேன். தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளில் கீறல் தேடித் தேடிப் பழகிய கைகள். அவை எனக்குத் தெரியாமல் எதையும் செய்யாது என்று நினைத்துக்கொள்வேன். தங்கையும் அப்படித்தானே நினைத்திருப்பாள்?

என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டுவதுபோல் இருக்கும். "வயித்துப் புள்ளயோட கோர்ட்டு ஜெயிலுன்னு அலையாத. அந்தப் பேச்சே இந்த வீட்ல வேணாம்," என்று சொல்லியிருந்தார். எனக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது, யாரும் கேட்காமலே, "புள்ள பொறந்தா நான்தான் குளிப்பாட்டுவேன்," என்றார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். நர்ஸ் மிஸி பிள்ளையைக் கொண்டுவந்து மார்பில் போட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, நடுக்கம். குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து இன்னொரு போர்வை கொண்டுவந்து போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாள் நன்றாகவே இருந்தேன். பிறகு தூக்கம் போயிற்று. பயத்தால் தூங்கவில்லையா, அதுதான் வந்துவிட்டதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிள்ளை தூங்கும், வீடே தூங்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பசிக்காது. மாமியார் மருந்துக் குழம்பு வைத்துக் கொடுத்தால் தட்டில் பிசைந்துகொண்டே இருப்பேன்.

ஒரு மத்தியானம். மாமியார் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை என் மடியில். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்குள் பிள்ளை அழும் சத்தமும் கேட்டது. மெல்லிய, பசிக்கு அழும் அழுகை. மடியைப் பார்த்தேன். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். சமையலறையில் அழுகை நிற்கவில்லை. கடவுளே, மடியில் இருப்பது யார் என்று என் மனம் கேட்டது. என் மனம்தான். தங்கை சொன்னபடியே, வேறு யாரும் இல்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. சமையலறை வாசலில் நின்று பிள்ளையை நீட்டினேன்.

"அத்தை, புள்ளயப் புடிங்க. என்கிட்டத் திருப்பிக் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

மாமியார் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார். மீன் வாடை. என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன கேக்குது உனக்கு?"

"பைப்புல அழுவுது."

எட்டிக் குழாயை மூடினார். "இப்ப?"

"இப்பவும்."

அவர் கத்தவில்லை. என்னைக் கடந்துபோய் முன்வாசலில் நின்று மகனுக்குப் போன் செய்தார். என் கணவர் வரும்வரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். என்னையும் பார்வையில் வைத்திருந்தார். காரில் என்னை முன்னால் உட்காரவைத்து, அவர் பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்து, என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "பயப்படாத. நான் புடிச்சிருக்கேன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தங்கையை வைத்துப் பார்த்த அதே மருத்துவமனை. மருந்து கொடுத்தார்கள், பாலை நிறுத்தச் சொன்னார்கள். முதல் வாரம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பிள்ளையைச் சமூகநல இலாகா வெல்ஃபேர்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுதிருக்கிறேன். ஒரு டாக்டர், சின்னப் பெண், என் கட்டிலில் உட்கார்ந்து மலாயில் நிதானமாகச் சொன்னார்: இது நோய், பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும், மருந்துக்குக் கேட்கும், நீங்கள் பிள்ளையைக் கொடுத்துவிட்டீர்கள், அதுதான் பெரிய விஷயம்.

மருந்து வேலைசெய்ய ஆரம்பித்து, குழாயில் தண்ணீர் வெறும் தண்ணீராக விழுந்த அன்று, குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தங்கைமேல் எனக்குப் பாசம் ஒருநாளும் குறைந்ததில்லை. ஆனால் ஒரு தாய்க்கு எப்படி மனசு வந்தது என்ற கேள்வி எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது. அன்று அது போயிற்று. அவளுக்குக் கேட்டது எனக்கும் கேட்டது. அவள் எச்சரித்ததால் நான் பிள்ளையைக் கொடுத்தேன். அவளை எச்சரிக்க யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கறிஞர் பார்க்க வந்தார். எனக்கு நடந்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"தங்கச்சியைப் பார்த்த டாக்டர்கள் இதைக் கேக்கவேணும். ஒரு குடும்பத்தில ரெண்டு பேருக்கு ஒரே நோய் எண்டால் அவையள் திரும்ப யோசிப்பினம். ஆனால் வழக்கு நடந்தால் நீங்கள் கோர்ட்டில ஏறி எல்லாருக்கும் முன்னால சொல்லவேண்டி வரும். நான் வற்புறுத்தமாட்டன்."

என் கணவர் எழுந்துவிட்டார். "மேடம், பேப்பர்ல வந்துரும். நாளைக்கி இவளையும் அப்படித்தான்னு பேசுவாங்க. வெல்ஃபேர் வந்து புள்ளயக் கேட்டா நான் என்ன செய்யிறது? இப்பதான் இவ எந்திரிச்சி நடக்குறா." அவர் பயம் எனக்கும் இருந்தது.

மாமியார் பிள்ளையைத் தட்டிக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார்.

"அந்தப் பொண்ணத் தூக்குல போட்டுட்டா அப்புறம் யாரப் போயிக் கேக்கறது? சொல்லட்டும். நானும் வந்து சொல்றேன். புள்ளய வாங்குனது நான்தானே."

அவருக்கும் மகனுக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே வாரம் தங்கையின் கணவர் என் மகளைப் பார்க்க வந்தார். சம்பவத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அரசாங்கத் தரப்புச் சாட்சி அவர். இளைத்துப்போய், தாடியோடு இருந்தார். தொட்டிலைத் தூரத்திலிருந்தே பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் ஏன் இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். குழாயைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"பைப்பா?"

"ஆமா தம்பி. பைப்புக்குள்ள அழுவுற மாதிரி."

"அவளும் சொன்னாக்கா. பைப்பு அழுவுதுங்கன்னு சொன்னா. நான் வாஷர் தேஞ்சிருக்கும்னு நெனைச்சேன். கடையில வாங்கியாந்து மாத்திக் குடுத்தேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் வாஷர மாத்துனேன்க்கா."

மாமியார் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வழக்கறிஞரைப் போனில் கூப்பிட்டேன். தம்பி போலீஸிடம் இதைச் சொன்னாரா என்று அவர் கேட்டார். சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை, வாஷர் மாற்றியது ஒரு விஷயமென்று இவருக்கும் தோன்றவில்லை. சொன்னால் தன்னையும் பிடித்து உள்ளே வைப்பார்களோ என்று பயந்தார். ஆனாலும் மறுநாள் விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்து இன்னொரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார். சம்பவத்துக்கு முன்பே அவள் அதைச் சொல்லியிருக்கிறாள் என்பதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

தங்கையை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நானும் மாமியாரும் டாக்டர்களிடம் சொன்னோம். மாமியாருக்குச் சந்தை மலாய்தான் வரும். அதை வைத்துக்கொண்டே குழாய் மூடியதுவரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். எனக்கும் அது வந்ததென்று கேள்விப்பட்டபிறகுதான் தங்கை வாய் திறந்தாளாம். முதலில் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா புள்ள உசுரோட இருக்கா?"

அதன்பின் காத்திருந்த காலம் மிகவும் கொடியது. குற்றச்சாட்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசாங்கத் தரப்பு. எங்கிருந்தோ பதில் வரவேண்டும். தவணை தள்ளிப்போகும், மறுபடி தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்குப் போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பக்கத்தில் வேறு வழக்குகளுக்கு வந்த குடும்பங்கள் இருக்கும். ஒருநாள் ஒரு சீனக் கிழவர் தன் மகனுக்குத் தூக்கு என்று கேட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நானும் என் கணவரும் பிடித்துத் தூக்கிவிட்டோம். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. அந்தக் குளிர் என் உள்ளங்கையைவிட்டுப் போகவே இல்லை.

கடைசித் தவணையன்று காலையில்கூட வழக்கறிஞருக்கு நிச்சயம் இல்லை. நீதிமன்ற நடையில் அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரோடு ஓரமாய்ப் பேசிவிட்டு வந்தார். "மாத்துறதுக்குச் சம்மதிச்சிட்டினம்," என்றார். உடனே என் கையைப் பிடித்தார். "ஆனால் தங்கச்சி குற்றத்தை ஒத்துக்கொள்ளவேணும். 'தூக்குத் தாங்கோ' எண்டு ஏதாவது சொல்லிப்போட்டால் எல்லாம் குழம்பிப்போகும்."

புதிய குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார்கள். பிரசவத்தின் விளைவால் மனநிலை பாதிக்கப்பட்டிருந்தபோது என்ற சொற்கள் அதில் இருந்தன. ஒத்துக்கொள்கிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். கூண்டில் தங்கை நின்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டார். நீதிபதி தலையை நிமிர்த்தினார். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

அவள் திரும்பி என்னைத் தேடினாள். மாமியார் என் பக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்கக்கூடாது. காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மாமியார் தங்கையைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக ஒருமுறை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒத்துக்கறேன் ஐயா," என்றாள் தங்கை.

கைதான நாளிலிருந்து கணக்கிட்டுச் சில வருஷம் சிறை. உள்ளே இருக்கும்போதும் மருத்துவம் தொடரவேண்டும் என்று நீதிபதி சொன்னார். மலாயில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தும் வெளியே வந்து வழக்கறிஞரிடம், "தூக்கு இல்லதானே மேடம்?" என்று கேட்டேன். இல்லை என்றார். கார் நிறுத்துமிடத்தில் மறுபடி கேட்டேன். அப்போதும் சலிக்காமல், "இல்லையம்மா," என்றார். வீட்டுக்கு வந்தபிறகும் பலநாள், யாரோ போன் செய்து தவறு நடந்துவிட்டது, மறுபடி வாருங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்றே காத்திருந்தேன்.

தங்கை வெளியே வந்து சில வருஷம் ஆகிறது. அழைத்துவர அவள் கணவர் வரவில்லை. கோபம் இல்லை. "அவளப் பாத்தா என் பையன் மூஞ்சி வருதுக்கா, என்னால முடியல," என்றார். தங்கையிடம் சொன்னபோது, சரி என்று தலையாட்டினாள். எங்கே தங்குவாள் என்று நானும் கணவரும் தயங்கிக்கொண்டிருந்தபோது, "எங்க போவா? இங்கதான்," என்று மாமியார் அரிசிச் சாக்கை நகர்த்தி அறையில் இடம் பண்ணினார்.

தங்கைக்குக் கூலாயில் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. தையல் சிறையில் கற்றுக்கொண்டது. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. நானும் மாத்திரை சாப்பிட்டவள்தான். இன்னொரு பிள்ளை வேண்டாமென்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். தங்கை தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் என் மகள் மட்டும் இருந்தால் உள்ளே வரமாட்டாள். மழை பெய்தாலும் வெளியே போர்ச்சில் நிற்பாள். இனி ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியும் கேட்பதில்லை. வா என்று கூப்பிடத்தான் எனக்கும் ஆசை. கூப்பிட வாயெடுக்கும்போது ஒரு நொடி தயங்கிவிடுவேன். அதை அவள் பார்த்துவிடுவாள்.

என் மகள் இப்போது ஆரம்பப்பள்ளியில் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று, "சின்னம்மாவுக்கு ஏன் பேபி இல்ல?" என்று கேட்டாள்.

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். நான் வேறு பேச்சுத் தேடினேன்.

"இருந்துச்சிம்மா," என்றாள் தங்கை. "ஒரு பையன். செத்துப் போச்சி."

"எப்படி?"

"சின்னம்மாவுக்கு அப்ப ரொம்ப சீக்கு. என்ன செய்யிறோம்னே தெரியாத சீக்கு. நீ பெரியவளானதும் மிச்சத்தச் சொல்றேன். நானேதான் சொல்வேன். அம்மாகிட்டக் கேக்காத."

மகள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பளம் இன்னும் இருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டாள். மாமியார் எடுத்துக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவும்போது தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன்க்கா கழுவுன தட்டையே கழுவுற?" என்றாள்.

"நாளைக்கி அவ உன்ன வெறுத்துட்டா?"

"வெறுக்கலாம்," என்றாள். "பொய் சொல்லி இந்த வீட்ல சோறு திங்க முடியாதுக்கா."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பின் சக்கரத்தில் காற்று இல்லை என்று அவளிடம் காட்டினாள்.